சோதனை ஓட்டம்

சப்வூஃபர் மக்கர் செய்தால் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு, உடனே அதைத் திறந்துவிடுவது. திறக்கக் கூடாது. முதலில் வெளியே இருப்பதைப் பார்க்க வேண்டும். பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா, பின்னால் இருக்கிற வால்யூம் திருகை யாராவது குறைத்து வைத்துவிட்டார்களா என்று பார்த்தாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது கடைசியில்தான். துறைமுகத்தில் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்பில் என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. கிடர்பூரில் ஒரு கிரேன் நின்றால் ஒரு கப்பலும் நூறு லாரியும் சேர்ந்து நிற்கும், சுற்றி ஆளாளுக்குக் கத்துவார்கள். அப்போதும் நான் அவசரப்பட்டதில்லை. சந்தேகப்படுகிறவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். அன்றைக்கும் அதே முறையில்தான் நடந்துகொண்டேன்.

என் பெயர் வைத்தீஸ்வரன். எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பவானிபூரில் பழைய வீடொன்றின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், என் மனைவி பத்மஜா, என் தம்பி சிவராம். கீழே ஸ்மிதா கோஷ் என்கிற அம்மாள் தனியாக இருக்கிறார். சிவராம் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தான், பின்மண்டை படியின் விளிம்பில் பட்டது என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியதில் ஒரு வாக்கியம் மட்டும் தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

சிவராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக சிலிகுரி, ஆசன்சோல், பாட்னா என்று பெட்டியும் கையுமாகத் திரிந்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்களோடு இருக்க வந்தான். வரும்போது ஒரு பெரிய டிவியும், ஐந்தாறு ஸ்பீக்கர்களும், முக்காலி உயரத்துக்கு இந்தக் கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தான். படத்தில் வருகிற கனத்த சத்தங்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. இடி இடித்தால் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரியும். எங்கள் வீட்டுத் தளம் இரும்பு உத்தரமும் மரச் சட்டமும் தாங்குகிற பழைய தளம். ஒரு மூலையில் ஆள் நடந்தால் இன்னொரு மூலையில் டம்ளர் ஆடும். அந்தப் பெட்டி ஓடினால் வீடே லேசாக மூச்சு விடுவதுபோல இருக்கும்.

அவன் நல்லவன். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. தெருவில் நடந்துபோனால் மீன்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை அவனை நிறுத்திப் பேசுவார்கள். வங்காளம் அவன் நாக்கில் பிறந்த மாதிரி வரும். பத்மஜாவை அவன் மன்னி என்று கூப்பிட்டதில்லை. இங்கே அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி பௌதி என்றுதான் கூப்பிடுவான். அந்த உறவில் கேலி பேசுவதற்கு இந்த ஊரில் நிறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் வேண்டாத சம்பந்தம் எதுவும் இருந்ததாக நான் சொன்னேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இருந்ததில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாயந்தரமானால் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். தமிழ், வங்காளம், ஹிந்தி, எதுவானாலும் சரி. புரியாத இடத்தில் அவன் படத்தை நிறுத்தி அவளுக்கு விளக்குவான். பத்மஜா கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து வீட்டில் அதிகம் பேசாதவள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் அவள் சிரித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீடுகளில் மற்றப் பெண்களோடு சிரிப்பாள். ஆனால் மூச்சு வாங்க, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்ததை என் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். இருவரும் உடனே ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள்.

"வா அண்ணா, உக்காரு. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றான்.

உட்கார்ந்தேன். படம் முடிகிறவரை அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் நான் போய் உட்காரவில்லை. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி கெட ஆரம்பித்தது. முதலில் ஒரு ஹம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி. நாளாக ஆக அது முற்றி, எதுவும் ஓடாதபோதே டொப் டொப் என்று தானாக அடித்துக்கொண்டது. படம் பார்க்க முடியவில்லை. சரி, இனிமேல் சாயந்தரங்கள் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. படம் இல்லாத சாயந்தரங்களில் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

இது இன்னும் மோசமாக இருந்தது. படம் ஓடும்போது சிரிப்பு எப்போதாவதுதான் வரும். பேச்சு என்றால் நடுவில் இடைவெளியே கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். பத்மஜா சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியவள் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் ஆபீஸுக்குப் போனபிறகு அவள் பஸ் பிடித்து ஹௌரா ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். மெட்ராஸ் மெயில் கிளம்புகிற பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் டிக்கெட் இல்லை, பை இல்லை. வண்டி போனதும் எழுந்து, நான் வீடு திரும்புவதற்குள் வந்து ரசம் வைத்திருக்கிறாள். இதை அவள் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னாள். சிவராம் கேட்டான், ஏன் ஏறலை பௌதி என்று. யாராவது சீட்டைக் காட்டச் சொன்னா என்ன பண்றது என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

முப்பத்தைந்து வருஷமாக நான் அவள் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் என்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். நீ கேட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. கேட்கும்படி என்ன இருந்தது?

அதற்கப்புறம் பெட்டியைச் சீக்கிரம் சரி செய்துவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. சிவராமே வந்து கேட்டான். கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், நீயே பார் அண்ணா, உன் கை பட்டால் சரியாகிவிடும் என்றான். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று சொன்னேன். மின்சாரத்தைப் பிடித்துவைத்துச் சீராகக் கொடுக்கிற சின்ன உருளைகள் அவை. உள்ளே வற்றிப்போனால் ஹம் வரும், முற்றினால் படகு மோட்டார் மாதிரி அடிக்கும். சாந்தினி பஜாரில் தேடி நல்லதாக வாங்கி வந்திருக்கிறேன் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று காலையிலிருந்தே மழை. பத்மஜா கறிவேப்பிலையும் வாழைத்தண்டும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவராம் தோளில் துண்டோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"குளிச்சுட்டு வந்துடறேன் அண்ணா. பௌதி வரதுக்குள்ள ரெடியாயிடுமா?"

ஆகிவிடும் என்றேன். அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்கட்டுக்குப் போனான். செல்ஃபோனை சோபாவிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பவரை எடுத்துவிட்டாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், அதை முதலில் இறக்க வேண்டும். இறக்கினேன். கெட்ட கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு நல்லதை வைத்துப் பற்றவைத்தேன். அவற்றின் கம்பிக் கால்களை நறுக்கி, சர்க்யூட் பலகையைத் துடைத்து, திரும்பப் பொருத்தி, பிளக்கைச் செருகினேன். ஹம் இல்லை. சுத்தமாக இருந்தது. எழுந்து முதுகை நிமிர்த்தினேன். அப்போது அந்தச் சத்தம் வந்தது.

டொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொப், டொப்.

பழைய மாதிரியே இருந்தது. ஆனால் சீராக இல்லை. நான் முறைப்படி ஆரம்பித்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருகிற கேபிளைப் பிடுங்கினேன். வெளியிலிருந்து வருகிற சத்தமாக இருந்தால் அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பின்னால் இருக்கிற திருகைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். நிற்கவில்லை. பவர் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற மின்சாரத்தில் கொஞ்ச நேரம் ஓடும். சின்ன விளக்கு மங்கி அணைகிறவரை காத்திருந்தேன். அணைந்தது. டொப் என்றது. பெட்டியை நிமிர்த்தி ஸ்பீக்கரின் கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அசைவே இல்லை. கையை எடுத்துத் தரையில் வைத்தேன். அங்கே இருந்தது.

பெட்டியைக் கழித்தாகிவிட்டது. மிஞ்சியது உள்கட்டுக் கோடியில் இருக்கிற குளியலறை. அதன் கதவு பிளாஸ்டிக் கதவு. கீழே விழுந்துகிடக்கிற ஒருவன் காலாலோ கையாலோ அடித்தால் அப்படித்தான் சத்தம் வரும். குரலும் வந்தது. பலமாக இல்லை. பௌதி என்று கூப்பிட்டான். அவள் வீட்டில் இல்லை என்பது அவனுக்கே தெரியும். இரண்டாவது தடவையும் பௌதி என்றுதான் கூப்பிட்டான்.

நான் போர்வையில் உட்கார்ந்தேன்.

சோபாவில் அவன் செல்ஃபோன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். பத்மஜா. மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டவள் முதலில் கூப்பிட்டது அவனை. அடித்து ஓயட்டும் என்று விட்டேன். அப்புறம் என் சட்டைப்பையில் இருந்தது அடித்தது. எடுத்தேன். கடைவாசலில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ கிடைக்கவில்லை, வர நேரமாகும் என்றாள்.

"சிவராம் எங்கே? போனை எடுக்கலையே அவன்."

"குளிச்சுண்டிருக்கான்" என்றேன்.

நான் பொய் பேசியதில்லை. அவன் அப்போது குளியலறையில்தான் இருந்தான். சரி என்று வைத்துவிட்டாள்.

எந்தச் சாதனத்தைச் சரி செய்தாலும் உடனே மூடிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடானபிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும். கிரேனாக இருந்தால் பாரத்தைத் தூக்கவைத்துப் பார்ப்போம். சப்வூஃபரைக் கனத்த சத்தம் கொடுத்து ஓட்ட வேண்டும். கேபிளைச் செருகினேன். பவர் கொடுத்தேன். சிவராமின் இசைத்தட்டுகளில் தாளவாத்தியக் கச்சேரி ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். திருகை அவன் வழக்கமாக வைக்கிற இடத்துக்கு மேலே கொஞ்சம் கூட்டினேன். மிகப் பிரமாதமாக இருந்தது. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியின் சத்தம் தரையோடு வந்து பாதத்தில் தட்டியது. ஹம் இல்லை, உதறல் இல்லை. அதற்குமேல் அவன் தட்டினானா, என்னைக் கூப்பிட்டானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் தெரிந்திருக்க நியாயமில்லை.

தட்டு முடிந்தது. நிறுத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. மழையும் விட்டிருந்தது. பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் பொருத்தி ஸ்க்ரூக்களை முடுக்கினேன். போர்வையை மடித்து வைத்தேன். காபி போட்டுக்கொண்டேன்.

பத்மஜா தெப்பமாக நனைந்து வந்தாள். பையை வைத்துவிட்டுக் கால் கழுவ உள்கட்டுக்குப் போனவள் கதவைத் தட்டினாள். சிவராம், சிவராம் என்று கூப்பிட்டாள். என்னிடம் ஓடி வந்து, கதவை உடையுங்கோ என்றாள். உடைக்க வேண்டியதில்லை, கீலைக் கழற்றினால் போதும் என்றேன். ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது. கழற்றினேன். அவன் கதவின் பக்கம் காலை நீட்டி மல்லாந்து கிடந்தான். அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், ரத்தம் மெதுவாகத்தான் கசிந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். பாவம், சொல்ல அவருக்குச் சங்கடமாக இருந்தது. பரவாயில்லை என்று நான்தான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

துக்கம் கேட்க ஸ்மிதா கோஷ் மாடிக்கு வந்தார். அழுதுகொண்டே ஒரு விஷயம் சொன்னார். மத்தியானம் தன் கூரையில் வெகுநேரம் டொப் டொப் என்று கேட்டதாம். மறுபடி அந்தப் பெட்டிதான் என்று நினைத்தாராம். அப்புறம் பலமாகத் தாளம் கேட்டதும், சரி, பெரியவர் ரிப்பேர் செய்து முடித்துவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கப் போனாராம். பத்மஜா பக்கத்தில்தான் இருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மறுநாள் உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து வீட்டில் இருந்தும் உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லையா என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பத்மஜா பதில் சொன்னாள். அவருக்கு வயசாச்சு, காது சரியாகக் கேட்பதில்லை, பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் தெரியாது என்று. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அதுதான் நான் சொன்ன அந்த வாக்கியம். அவர் போனபிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன்.

"வேற என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

காரியங்கள் முடிந்ததும் கோயம்புத்தூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போனாள். நானே ஸ்டேஷனுக்குக் கூடப் போய், அவள் சூட்கேஸை சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

இப்போது தெருவில் எல்லோரும் என்னிடம் இரைந்து பேசுகிறார்கள். மருந்துக்கடைக்காரர் வாயைக் காதருகே கொண்டுவருகிறார். ஒரு மோட்டார் பேரிங் தேயப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொன்னவன் நான். என்னைச் செவிடன் என்று எழுதிவைத்திருக்கிற காகிதம் உங்களிடம் இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தட்டும் கேட்டது.

திருத்துவது என்று வந்துவிட்டபிறகு இன்னொன்றையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சாந்தினியில் நான் எதுவும் வாங்கவில்லை. குளிர்காலத்தில் தூசி தட்டிக் கொடு என்று சிவராம் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்திருந்தான். அப்போதே அதன் நல்ல கெப்பாசிட்டர்களை எடுத்து ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, என்னிடம் கிடந்த பழைய, பாதி வற்றியவற்றைப் பற்றவைத்தேன். சாயந்தரப் படங்கள் நின்றால் போதும் என்று இருந்தது, வேறு நோக்கம் இல்லை. ஆக, கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். வைத்தவனே நான்தான். நல்லதைத் திரும்ப வைத்து ஹம் நின்ற பிறகு அந்தப் பெட்டியிலிருந்து அப்படியொரு சத்தம் வருவதற்கு வழியே கிடையாது. முதல் தட்டிலேயே அது சிவராம் என்று எனக்குத் தெரியும். கேபிளைப் பிடுங்கியது, திருகைக் குறைத்தது, விளக்கு அணையக் காத்திருந்தது எல்லாம் அவசியமே இல்லாத வேலைகள். தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. அவன் ஓய்வதற்கு நேரம் வேண்டியிருந்தது, அந்த நேரத்தை நான் கொடுத்தேன். என் தம்பியை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பத்மஜாவுக்கு நீங்கள் தகவல் அனுப்புவதாக இருந்தால் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டி இப்போது நன்றாக வேலை செய்கிறது. படம் பார்க்கத் துணைக்கு ஆள் இல்லையே என்று அவள் அங்கேயே தங்கிவிட வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.